மொட்டை டயருக்கு எப்போது வயதாகிறது?

2013 அக்டோபர் 20. ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்ட் தளம். 27 சுற்று ஓட வேண்டிய மோட்டோஜிபி பைக் பந்தயத்தை அன்று 19 சுற்றாக வெட்டிவிட்டார்கள். மழையும் இல்லை, விபத்தும் இல்லை. டயர் தாங்காது, அவ்வளவுதான். தளத்துக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். புதுத் தார் டயரை அளவுக்கு மீறிப் பற்றியது. பற்றப் பற்றச் சூடு ஏறி, பயிற்சி ஓட்டத்திலேயே பின் டயர்கள் கொப்புளித்து உரியத் தொடங்கின. டயர் கொடுத்த பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தால் முழுப் பந்தயத்துக்கு உத்தரவாதம் தர முடியவில்லை. ஒரு டயரில் 10 சுற்றுக்கு மேல் யாரும் ஓடக் கூடாது, நடுவில் உள்ளே வந்து வண்டியையே மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்று அவசர விதி போட்டார்கள். அந்த ஆண்டு பட்டப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த மார்க் மார்க்கெஸ், ஒரு சுற்று தாமதமாக உள்ளே வந்தார். கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றிவிட்டார்கள்.

கழற்றிப் போட்ட அந்த டயர்களில் ரப்பர் ஒன்றும் தீர்ந்துபோயிருக்கவில்லை. நமக்கோ டயரின் ஆயுள் என்றாலே பட்டன்தான். பஞ்சர் கடைக்காரர் குனிந்து விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “பட்டன் போச்சுண்ணே, மழை வந்தா வழுக்கும்” என்பார். சாலைக்கு அது சரியான கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளும், இருசக்கர வண்டி டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. பள்ளத்தின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. காய்ந்த தரையில் அதனால் ஒரு லாபமும் இல்லை. தரையைத் தொடும் ரப்பர் குறைவதுதான் மிச்சம். அதனால்தான் பந்தயத்துக்கென்றே செய்யும் ‘ஸ்லிக்’ டயர் பிறக்கும்போதே மொட்டையாக இருக்கிறது. பிறவி மொட்டைக்கு வழுக்கை விழுந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

செய்தவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்லிக்கை உற்றுப் பார்த்தால், நடுவிலும் ஓரங்களிலும் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். தண்ணீருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆழம் பார்க்கத்தான் அவை. டெப்த் கேஜை உள்ளே விட்டால் இன்னும் எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று தெரிந்துவிடும். ஒரு குழி மறைந்துவிட்டால் அந்த இடத்தில் கதை முடிந்தது. அதையும் பார்க்காமல் ஓட்டினால், ரப்பருக்கு அடியில் உள்ள நூலடுக்கு வெளியே தெரியும். நூல் தெரிந்த டயரை ‘இன்னும் ஒரே ஒரு செஷன்’ என்று கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அறிவியல் பேசிப் பயனில்லை.

ஆனால் தடிமன் என்பது பாதிக் கணக்கு. என்னைக் கேட்டால் பாதிகூட இல்லை. பந்தயத் தளத்தில் ஓடும் டயர்களில் பல, குழி மறைவதற்கு முன்பே செத்துவிடுகின்றன.

காரணம் ரப்பர் தரையைப் பற்றும் விதத்தில் இருக்கிறது. தார்ச் சாலை கண்ணுக்குத்தான் சமம். உண்மையில் அது கூரான கல்முனைகளின் காடு. டயர் அதன்மேல் அழுந்தும்போது ரப்பர் அந்த முனைகளைச் சுற்றி வழிந்து உட்கார்ந்துகொள்கிறது. வழுக்க முயன்றால் ஒவ்வொரு முனையையும் தாண்ட ரப்பர் நசுங்கி எழ வேண்டும். நசுங்கியபோது வாங்கிய சக்தி முழுவதையும் எழும்போது அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி சூடாகிப் போய்விடுகிறது. அந்த இழப்புதான் பிடிப்பு. இதோடு ரப்பரின் மூலக்கூறுகள் கல்லோடு நேராக ஒட்டிக்கொள்ளும் இழுவையும் சேரும். இரண்டுக்குமே ரப்பர் பதமாக இருக்க வேண்டும். ஆறிக் கிடந்தால் விறைப்பாகி, கல்லின் இடுக்குக்குள் இறங்காது. சூடு மிஞ்சினால் உறுதி குலைந்து, பிடிக்க வேண்டிய இடத்தில் பிய்ந்துவிடும். பந்தய டயர்களை மின்போர்வை சுற்றி 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சி வைத்திருப்பது, முதல் வளைவிலேயே அந்தப் பதம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்தச் சூடுதான் டயரைக் கொல்வதும். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வல்கனைசேஷன் என்பது, நூடுல்ஸ் நூடுல்ஸாகக் கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தகப் பாலங்களால் கட்டிப்போடும் வேலை. பாலம் குறைந்தால் ரப்பர் பிசுபிசுக்கும், கூடினால் விறைக்கும். தொழிற்சாலையில் ஓரளவோடு நிறுத்திய அந்த வேலை, டயர் ஒவ்வொரு முறை கொதித்து அடங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்கிறது. மிருதுவுக்காகச் சேர்த்த எண்ணெயும் மெல்ல வெளியேறுகிறது. இப்படிச் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையையும் பந்தயக்காரர்கள் ‘ஹீட் சைக்கிள்’ என்று எண்ணி வைப்பார்கள். விவரம் தெரிந்த அணிகள் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் போர்வையைக் கழற்றுவதில்லை. நாள் முழுக்கச் சூட்டிலேயே வைத்திருந்தால் நாலு சைக்கிள் ஒரே சைக்கிளாகக் கணக்கு முடிகிறது. கரன்ட் பில் கொஞ்சம் கூடலாம், டயர் மிச்சம்.

இந்த விறைப்பு கண்ணுக்குத் தெரியாது. தொட்டாலும் முழுசாகத் தெரியாது. டியூரோமீட்டர் என்று கையடக்கமான ஒரு கருவி உண்டு. அதன் சின்ன ஊசி ரப்பருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, ‘ஷோர் ஏ’ அளவுகோலில் 0 முதல் 100க்குள் ஓர் எண்ணைக் காட்டும். எண் ஏற ஏற ரப்பர் கடினம். டயர் புதிதாக வந்த அன்று ஓர் அளவு எடுத்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அதே வெப்பநிலையில் அவ்வப்போது அளந்தால் டயரின் சரித்திரம் கையில் இருக்கும். சூடான டயரையும் ஆறிய டயரையும் அளந்து ஒப்பிடுவது வீண் வேலை.

கருவி இல்லாதவர்களுக்கு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. அதே ரைடர், அதே வண்டி, அதே முயற்சி. ஆனாலும் சுற்று நேரம் இறங்க மறுக்கிறது. வழக்கமான இடத்தில் ஆக்சிலேட்டரைத் திறந்தால் பின்சக்கரம் முன்னைவிடச் சீக்கிரம் நழுவுகிறது. முன் டயர் என்றால் வளைவில் வண்டி உள்ளே வர அடம்பிடித்து வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. குழியில் ஆழம் இருந்தாலும் டயர் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பார்வைக்கு அலங்கோலமாக இருப்பதெல்லாம் செத்த டயரும் இல்லை. இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். ஓட்டம் முடிந்து மெதுவாகத் திரும்பும் கடைசிச் சுற்றில், தளத்தின் ஓரத்தில் கிடக்கும் ரப்பர் உருண்டைகளையெல்லாம் சூடான டயர் வாரி ஒட்டிக்கொண்டு வரும். ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தால் சொறி பிடித்த மாதிரி இருக்கும். ஹீட் கன்னால் லேசாகச் சூடுகாட்டி, தகடு வைத்துச் சுரண்டினால் அத்தனையும் வந்துவிடும். அதற்கு அடியில் சீரான, நுண்ணிய சொரசொரப்பு இருந்தால் டயர் ஆரோக்கியமாக இருக்கிறது.

அடியிலேயே கிழிசல் இருந்தால், அதன் ஆழத்தைப் பார்க்க வேண்டும். காற்று கூடுதலாக இருந்தால் டயர் போதிய அளவு நெளியாது. உள்ளே சூடு ஏறாது. விறைத்த ரப்பரைத் தரை இழுக்கும்போது ஆழமாகக் கிழிகிறது. இதற்குப் பேர் ‘கோல்டு டேர்’. காற்று குறைவாக இருந்தால் நேர்மாறு: டயர் நெளிந்து நெளிந்து சூடு தலைக்கேறி, மேல்தோல் மட்டும் ஆழமில்லாமல் உருண்டு திரளும், எண்ணெய் வெளியே வந்து நீலம் பாய்ந்தாற்போலத் தெரியும். இரண்டும் டயரின் குற்றமல்ல, காற்றின் குற்றம். ஷாக் அப்சார்பர் சரியாக அமைக்காத வண்டியும் தனக்கென்று ஒரு கிழிசல் கோலம் போடும். கோளாறைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால், அதே கோலம் அதிலும் வரும், இந்த முறை முழு விலைக்கு. கொப்புளம் மட்டும் தனி வியாதி. ரப்பர் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். அதனால் உள்ளே சிக்கிய சூடு வாயுக் குமிழாகித் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பிலிப் ஐலண்டில் நடந்தது இதுதான். கொப்புளித்த டயரைக் காற்றைச் சரிசெய்து காப்பாற்ற முடியாது.

காற்றழுத்தத்தின் கணக்கு பள்ளிக்கூடத்து வாயு விதிதான். 30 டிகிரியில் 25 பி.எஸ்.ஐ. அடைத்த டயருக்குள் காற்று 80 டிகிரிக்குப் போனால், அழுத்தம் 31-ஐத் தாண்டும். அதனால் பந்தயத் தளத்தில் அளவு எடுப்பது வண்டி உள்ளே வந்த கையோடு, ஆறுவதற்குள். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமில் நடந்த மோட்டோஜிபி பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ் திடீரென்று வேகம் குறைத்துத் தம்பி அலெக்ஸை முன்னே விட்டார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முன் டயரின் அழுத்தம், விதி கேட்கும் 1.8 பாருக்குக் கீழே போய்விடும் போலிருந்தது. முன்னால் போகும் வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் அதன் வெப்பக் காற்று டயரைச் சூடாக்கும், அழுத்தம் ஏறும். ஏறிய பிறகு தம்பியைத் தாண்டிப் போய் ஜெயித்தும் விட்டார். 2013இல் டயர் விதியில் கறுப்புக் கொடி வாங்கிய அதே மனிதர்!

டயரில் எந்த இடத்தைப் பார்ப்பது என்பது அடுத்த சங்கதி. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகும். தளத்தில் ஓடும் வண்டிக்கு நடு புதுசாகவே இருக்கும், ஓரம் போய்விடும். அதிலும் இரண்டு ஓரமும் ஒன்றுபோலப் போகாது. கடிகாரச் சுற்றில் ஓடும் எந்தத் தளத்திலும், எத்தனை வளைவு இருந்தாலும், கூட்டிக் கழித்தால் ஒரு சுற்றுக்கு 360 டிகிரி வலப்பக்கம் கூடுதலாகத் திரும்பியே ஆக வேண்டும். வடிவியல் அது. எட்டு வடிவத்தில் தன்னையே குறுக்கே கடக்கும் ஜப்பானின் சுசுகா மாதிரித் தளம்தான் இதற்கு விலக்கு. பிலிப் ஐலண்ட் எதிர்ச்சுற்று. அங்கே அடி வாங்குவது இடது ஓரம். ஆகவே டயரின் ஆயுள் என்பது மிக மோசமான ஓரத்தின் ஆயுள். ஒரு பக்கம் மட்டும் போன பின் டயரை ரிம்மில் திருப்பிப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. டயர் செய்த நிறுவனம் அனுமதித்தால் செய்யலாம். பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருந்தால் அதை மீற வேண்டாம்.

சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலும், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவேயிலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் 150, 200 சிசி வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய வண்டிக்குச் செய்த ஸ்லிக்கை மலிவாகக் கிடைக்கிறதே என்று சின்ன வண்டிக்கு மாட்டாதீர்கள். எடையும் வேகமும் போதாமல் அது தன் சூட்டுக்கு வரவே வராது. நம் ஊர் வெயிலில் தார் 50 டிகிரியைத் தாண்டினாலும் அந்த ரப்பருக்கு அது போதாது. புத்தம்புது டயர் பழசைப் போல வழுக்கும். பழி டயர்மீது விழும். மிருதுவான சாலை டயரே அந்த வண்டிகளுக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

போட்டி அணிகள் கழித்துவிட்ட டயர்களைப் பாதிக்கும் குறைந்த விலைக்கு வாங்கிப் பயிற்சிக்கு ஓட்டுவது உலகமெங்கும் உள்ள வழக்கம். அதில் தப்பில்லை. பந்தயத்தில் கடைசி அரை நொடிக்காகக் கழிக்கப்பட்ட டயரில், பழகுகிறவருக்கு வேண்டிய பிடிப்பு பெரும்பாலும் மிச்சமிருக்கும். நடுப்பகுதியைக் காட்டி விற்பார்கள். ஓரத்துக் குழிகளைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் செய்தது. பென்சில் பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்த அழிரப்பர் ஒரு நாள் எழுத்தை அழிக்காமல் காகிதத்தில் கறுப்பை ஈஷும் அல்லவா, கிடங்கில் சும்மா கிடந்த டயருக்கும் அதே கதிதான். எத்தனை முறை சூடேறியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழவில்லையென்றால் விலை பேசாமல் நடையைக் கட்டலாம். உள்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும்: பஞ்சர் ஒட்டிய டயர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் தளத்துக்கு ஆகாது.

அப்படி வாங்கிய ஸ்லிக்கை வண்டியில் மாட்டி, வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பள்ளமே இல்லாத டயர் சாலை விதிக்கே ஒத்துவராது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஓட்டத்தில் அது சூடாகவும் செய்யாது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் ஒரு தூறல் போட்டால் தண்ணீரைத் தள்ள அதில் வழியே கிடையாது. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் டயரைத் தனியாகக் கொண்டுபோய், அங்கே மாட்டிக்கொள்ளுங்கள்.