இரவு விவாத அரங்குகளும் நடுவுநிலைமையும்

கருத்துக்கு எதிர்க்கருத்து வைத்து உண்மை தெளிதல் தமிழர்க்குப் புதியதன்று. பட்டிமண்டபம் என்னும் சொல்லை மணிமேகலைக் காப்பியமே ஆண்டுள்ளது. அதில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, நிகண்டவாதி, பூதவாதி முதலிய பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். ஒவ்வொருவரும் தம் கொள்கைப் பெயருடனேயே பேசுகின்றனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பேசுவோர் எப்பக்கத்தினர் என்று அறிந்தமையால், கேட்பவளுக்குச் சீர்தூக்கிப் பார்த்தல் எளிதாயிற்று. இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய தொலைக்காட்சி இரவு விவாதங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கின் வளர்ச்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பின்னர் 1993இல் சன், 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர் ஆகிய தனியார் தொலைக்காட்சிகள் தோன்றின. இவற்றுக்கும் கழகங்களுக்கும் உள்ள தொடர்பை ஊரறியும். ஆதலின் பார்ப்போர் அதற்கேற்பக் கழித்தும் கூட்டியும் செய்திகளைக் கொண்டனர். 2011இல் புதிய தலைமுறையும் 2012இல் தந்தி தொலைக்காட்சியும் வந்தபின், 'நேர்படப் பேசு', 'ஆயுத எழுத்து' போன்ற இரவு விவாதங்கள் வீடுதோறும் இடம்பெற்றன. அதுவரை நிலையத்தின்மீது இருந்த சார்பு பற்றிய ஐயம், அதன்பின் விருந்தினர் இருக்கையின் மீதும் படர்ந்தது.

எழுந்த மனக்குறைகள்

2019 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின்னர், காங்கிரசுக் கட்சி ஒரு மாத காலம் தன் செய்தித் தொடர்பாளர்களை விவாதங்களுக்கு அனுப்புவதில்லை என முடிவு செய்தது. 2021 ஜூலையில் அ.இ.அ.தி.மு.க.வும் விவாதங்களில் பங்கேற்பதில்லை என அறிவித்தது. தன் சார்பாளர் என்ற பெயரில் எவரையும் அமர்த்த வேண்டா எனவும் கேட்டுக்கொண்டது. 2023 செப்டம்பரில் எதிர்க்கட்சிகளின் 'இந்தியா' கூட்டணி, 14 நெறியாளர்களின் நிகழ்ச்சிகளைப் புறக்கணிப்பதாகப் பட்டியல் வெளியிட்டது. எல்லாத் தரப்பும் குறை கூறுவதால் அரங்கு நடுவுநிலையில் உள்ளது என்று சிலர் வாதிடுவர். அது பொருந்தாது. இருவர் குறை கூறினால் இருவர்க்குமே குறை நேர்ந்திருக்கவும் கூடும்.

எண்ணிக்கை போதுமா?

தேர்தல் காலத்தில் தூர்தர்சனிலும் வானொலியிலும் ஏற்பு பெற்ற கட்சிகளுக்கு இலவச நேரம் பகிர்ந்தளிக்கும் முறை 1998 முதல் உள்ளது. அனைவர்க்கும் பொதுவான ஓர் அடிப்படை நேரமும், முந்தைய தேர்தல் செல்வாக்கிற்கேற்பக் கூடுதல் நேரமும் வழங்கப்படும். அங்கே நிமிடக் கணக்கே போதும். ஏனெனில் பேசுபவர் கட்சியின் பெயராலேயே பேசுகிறார்.

அமெரிக்காவிலும் இவ்வழக்கு உண்டு. இருதரப்புக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்று 1949இல் வகுக்கப்பட்ட நேர்மைக் கோட்பாடு 1987இல் கைவிடப்பட்டது. அந்நாட்டின் பின்னிரவு நகைச்சுவை உரையாடல்களுக்கு வரும் விருந்தினர் பெரும்பாலும் ஒரு பக்கத்தினரே என வலதுசாரிக் கண்காணிப்பாளர் கணக்கிட்டுக் காட்டுகின்றனர். ஆனால் திரைப்படம் பற்றிப் பேச வந்த நடிகரை எக்கட்சிக் கணக்கில் எழுதுவது? தலையை எண்ணுவது எளிது. சார்பை எண்ணுவது அரிது.

சார்பு உறையும் இடங்கள்

முதலாவது, அடைமொழி. ஒரு வாரம் விவாதங்களைக் கண்டு குறிப்பெடுத்து வருமாறு என் மாணவர்களைப் பணித்தேன். பென்னாகரத்திலிருந்து வரும் மாணவியொருத்தி, ஒரே மனிதர் ஒருநாள் 'அரசியல் விமர்சகர்' எனவும் மறுநாள் 'சமூக ஆர்வலர்' எனவும் அறிமுகமானதைக் குறித்திருந்தாள். "ஐயா, அவர் இரண்டு நாளும் ஒரே கட்சிக்காகத்தானே பேசினார்?" என்று வினவினாள். கட்சிக்காரர் கட்சிக்காகப் பேசுதல் குற்றமன்று. பொதுமனிதர் போர்வையில் பேசுதலே குற்றம்.

இரண்டாவது, நேரம். நால்வர்க்கும் இருக்கை தந்து ஒருவரை மட்டும் இடைமறித்துக்கொண்டே இருந்தால் அது சமநிலையாகாது.

மூன்றாவது, அழைக்கப்படாதோர். நம் தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அதனால் பற்கள் கறைபட்டோரும் எலும்பு நலிந்தோரும் நம்மிடையே உளர். இக்கேட்டைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்றது. 2008இல் கர்நாடகத்தில் அதற்கு எதிர்ப்பெழுந்தபோது அது இரு மாநிலப் பூசலாயிற்று. 2013இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டபோது யாருடைய சாதனை என்பது பேச்சாயிற்று. இத்தகைய பொருள் இன்று விவாதத்திற்கு வந்தாலும், நான்கு இருக்கைகளில் நான்கு கட்சியினரை அமர்த்தினால் எண்ணிக்கை சமனாகலாம். குடத்தோடு நெடுந்தொலைவு நடந்த தாய்க்கும், பல்லைக் கண்ட மருத்துவர்க்கும் இருக்கை ஏது?

முடிவுரை

பேசுவோர் சார்பற்றோராய் இருக்க வேண்டும் என எதிர்பார்த்தல் இயலாத செயல். சார்பை மறையாது அறிவித்தல் நிலையத்தின் கடன். சமமாகப் பேச விடுதல் நெறியாளர் கடன். பார்ப்போர்க்கும் ஒரு கடன் உண்டு. இவர் யார் பொருட்டுப் பேசுகிறார், யார் பேச விடப்படவில்லை, யார் அழைக்கப்படவேயில்லை என்னும் மூன்று வினாக்களை மாணவச் செல்வங்கள் ஒவ்வோர் இரவும் எழுப்புவார்களாயின், விவாதம் வெறும் கூச்சலாய் முடியாது.