விக்டோரியா ஏரியின் மீன்பிடி விதிகள்

விக்டோரியா ஏரியின் மீன்பிடி விதிகள் என்பன, கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள விக்டோரியா ஏரியில் வணிக நோக்கில் மீன் பிடிப்போர் பயன்படுத்தும் வலைகள், தூண்டில்கள், படகுகள் ஆகியவற்றின் வகையையும் அளவையும் வரையறுக்கும் சட்ட விதிகளாகும். ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இவ்வேரி இலங்கைத் தீவைவிடச் சற்றுப் பெரியது. இதன் ஏறக்குறையப் பாதி தன்சானியாவுக்கும், அதனினும் சற்றுக் குறைந்த பகுதி உகாண்டாவுக்கும், 6 விழுக்காடு மட்டும் கென்யாவுக்கும் உரியன. ஆகவே ஒரே ஏரியில் ஒரே மீனைப் பிடிப்பதற்கு மூன்று நாடுகளின் சட்டங்கள் உள்ளன. மீன்கள் எல்லைக்கோட்டைக் கடந்து செல்கின்றன. மீனவருக்கு அது குற்றமாகிறது. இவ்விதிகளைப் பற்றிய பெரும்பாலான சிக்கல்கள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

ஏரியில் பிடிபடும் மீன்கள்

விதிகளைப் புரிந்துகொள்ள மூன்று மீன்களை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது நைல் பேர்ச். இது நம் கடற்கரையில் கிடைக்கும் கொடுவா மீனின் பேரினத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 200 கிலோகிராம் எடையும் வரை வளரக்கூடியது. சுவாகிலி மொழியில் சங்கரா என்றும், லுவோ மொழியில் ம்புட்டா என்றும் அழைக்கப்படுகிறது. இது இவ்வேரிக்குரிய மீன் அன்று. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் ஏரியில் விடப்பட்டு, 1980களில் பெருகியது. ஏரிக்கே உரிய சிற்றின சிக்லிட் மீன்களில் ஏறத்தாழ 200 இனங்கள் அழிந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. இதற்கு முதன்மைக் காரணமாக நைல் பேர்ச் கூறப்படுகிறது. ஆயினும் இன்று ஏரியின் ஏற்றுமதி வருவாய் பெரும்பாலும் இம்மீனைச் சார்ந்தே உள்ளது.

இரண்டாவது நைல் திலாப்பியா. தமிழ்நாட்டில் ஜிலேபி எனப்படும் மீனின் உறவினமான இதுவும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதே. மூன்றாவது விரல் நீளமேயுள்ள வெள்ளி நிற மீன். கென்யாவில் ஒமேனா, உகாண்டாவில் முக்கேனே, தன்சானியாவில் தகா எனப்படுகிறது. நெத்திலியைப் போல் கருவாடாக உலர்த்தி உண்ணப்படும் இம்மீன் இவ்வேரியில் இயல்பாகவே வாழ்வது. பிடிக்கப்படும் மீனின் எடையில் பெரும்பங்கு இதுவே.

இம்மூன்றையும் ஒரே வலையால் பிடிக்க இயலாது. எனவே ஒரே விதியால் மூன்றையும் காக்கவும் இயலாது.

ஐந்து அங்குல விதி

செவுள் வலை 1905இல் ஏரியின் கென்யப் பகுதியான வினம் வளைகுடாவில் அறிமுகமானது. அதற்குமுன் கூடைப்பொறிகளும், கரையோரத் தடுப்புகளும், நாணற்புல்லால் ஆன இழுவைகளுமே பயன்பட்டன. புதிய வலையில் ங்கேகே எனப்படும் உள்நாட்டுத் திலாப்பியா மிகுதியாகச் சிக்கியது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரு வலைக்குக் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

இதனை ஆராய்வதற்காக மைக்கேல் கிரகாம் என்னும் ஆங்கிலேய மீன்வள அறிஞர் 1927-28இல் ஏரி முழுவதிலும் ஓர் அளவாய்வு நடத்தினார். 1929இல் வெளியான அவருடைய அறிக்கை, 5 அங்குலத்திற்குக் (127 மி.மீ) குறைந்த கண்ணியுள்ள செவுள் வலைகளைத் தடைசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1930களில் இது சட்டமாயிற்று.

இங்கு அளவு எனப்படுவது கண்ணியின் ஒரு பக்க நீளம் அன்று. ஒரு கண்ணியை மூலைவிட்டமாக இழுத்துப் பிடித்து, எதிரெதிரான இரண்டு முடிச்சுகளுக்கு இடையேயுள்ள தொலைவை அளப்பதே வழக்கம். செவுள் வலையில் மீன் தலையை நுழைக்கிறது. உடல் நுழையாமல் நின்றுவிடுகிறது. பின்வாங்கும்போது செவுள் மூடியில் நூல் மாட்டிக்கொள்கிறது. கண்ணியைவிட மிகச் சிறிய மீன் ஊடே சென்றுவிடும். மிகப் பெரிய மீனுக்குத் தலையே நுழையாது. ஆகவே ஒவ்வொரு கண்ணி அளவும் குறிப்பிட்ட பருமனுள்ள மீன்களையே தேர்ந்து பிடிக்கிறது. சட்டம் கண்ணியின் அளவை வரையறுப்பதன் மூலம், பிடிபடும் மீனின் அளவை மறைமுகமாக வரையறுக்கிறது. நடு ஏரியில் ஒவ்வொரு மீனையும் அளந்து பார்க்க எந்த அதிகாரியாலும் இயலாது. கரையில் காயவைத்திருக்கும் வலையை ஓர் அளவுகோலால் அளந்துவிடலாம்.

விதி எளியது, நடைமுறை அவ்வாறு அமையவில்லை. மீன் குறையக் குறைய, 5 அங்குல வலையைவிட 4 அங்குல வலையே மிகுந்த வருவாய் தந்தது. ஒரு கரையில் தடைசெய்யப்பட்ட வலை மறுகரையிலிருந்து எளிதில் வந்துசேர்ந்தது. காவல் செய்யப் போதிய ஆட்களும் இல்லை. 1950களின் பிற்பகுதியில் உகாண்டாவும் தங்கனிக்காவும் (இன்றைய தன்சானியாவின் பெருநிலப்பகுதி) இவ்விதியைக் கைவிட்டன. 1961இல் கென்யாவும் கைவிட்டது. அதன்பின் சிறு கண்ணி வலைகள் பரவின. ங்கேகே மீண்டும் வணிக அளவில் தலைதூக்கவே இல்லை. வலை மட்டுமன்றி, வெளியிலிருந்து வந்த மீன்களின் போட்டியும் இதற்குக் காரணம் எனக் கொள்ளல் வேண்டும்.

தற்கால வலை விதிகள்

செவுள் வலைக்கான கீழெல்லை மீண்டும் 5 அங்குலத்திலேயே வந்து நின்றது. நைல் பேர்ச் பிடிக்கும் வலைகளுக்கு இதனினும் பெரிய கண்ணிகள், அதாவது 6 அல்லது 7 அங்குலம், நாட்டுக்கு ஏற்ப வலியுறுத்தப்பட்டன. இவ்வேறுபாட்டில் ஒரு முரண் உண்டு. 5 அங்குல வலை முதிர்ந்த திலாப்பியாவைப் பிடிப்பதற்கு ஏற்றது. ஆனால் அதே வலையில் இன்னும் முட்டையிடாத இளம் நைல் பேர்ச்சும் சிக்கும். திலாப்பியா வலை என்று கூறி நைல் பேர்ச் குஞ்சுகளைப் பிடித்தால், வலையை மட்டும் பார்க்கும் அதிகாரி குற்றம் காண இயலாது.

ஆகவே மீனுக்கும் நேரடி அளவு வகுக்கப்பட்டது. நைல் பேர்ச் 50 செ.மீ நீளத்திற்குக் குறையாமலும், 85 செ.மீ நீளத்திற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது மூன்று நாடுகளும் ஒப்புக்கொண்ட அளவுவரம்பாகும். கீழெல்லையின் நோக்கம் வெளிப்படை. மேலெல்லைதான் பலருக்கு வியப்பளிப்பது. இவ்வினத்தில் பெண் மீன்கள் ஆண் மீன்களைவிடப் பெரிதாக வளர்ந்த பின்னரே முதிர்ச்சியடைகின்றன. பெரிய பெண் மீனே மிகுதியான முட்டைகளை இடும். எனவே மிகப் பெரிய மீன்கள் முட்டைக்காக விட்டுவைக்கப்படுகின்றன. இவ்விதியை ஏரியில் அன்றி, மீனைத் தோலுரித்துத் துண்டாக்கி ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளின் வாயிலில் நடைமுறைப்படுத்துவது எளிது. எனினும் உள்ளூர்ச் சந்தைக்குத் தொழிற்சாலை வாயில் இல்லை, 50 செ.மீக்குக் குறைந்த மீன் அங்கே விலைபோகும். மேலும், நைல் பேர்ச்சின் காற்றுப்பை உலர்த்தப்பட்டுச் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் ஏற்றுமதியாகிறது. பை பெரிதானால் விலையும் பன்மடங்கு உயரும். சட்டம் விட்டுவைக்கச் சொல்லும் அதே பெரிய மீனைப் பிடிக்கச் சந்தை தூண்டுகிறது.

தடைசெய்யப்பட்ட கருவிகளில் முதன்மையானவை கரைவலை, இழுவைக் கப்பல் வலை, ஒற்றை இழை நைலானால் ஆன தங்கூசி வலை ஆகியனவாகும். கரைவலை ஆழமற்ற நீரின் அடித்தரையைத் துடைத்து இழுப்பதால், குழிபறித்து முட்டையிடும் திலாப்பியாவின் கூடுகள் அழிகின்றன. இளம் நைல் பேர்ச்சும் அங்கேயே மிகுதி. தங்கூசி வலை மலிவானது, நீரில் மீன் கண்ணுக்குப் புலப்படாதது. எளிதில் அறுந்துபோவதால் அடிக்கடி கைவிடப்படுகிறது. மட்காமல் நீரில் கிடந்து, எடுப்பார் இன்றியே மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

ஆயிரங்கால் தூண்டிலுக்கும் அளவு உண்டு. தூண்டில் முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்; விதியில் தரப்படும் எண் மேலெல்லை போலத் தோன்றினாலும் உண்மையில் அது கீழெல்லையே.

ஒமேனாவும் விளக்குகளும்

ஒமேனா நிலவற்ற இரவுகளில் பிடிக்கப்படுகிறது. மிதவைகளில் வைத்த விளக்குகளின் ஒளிக்கு மீன் கூட்டம் மேலே வருகிறது. அதனைச் சிறு கண்ணி வலையால் சூழ்ந்து அள்ளுகின்றனர். நெடுங்காலம் மண்ணெண்ணெய் அழுத்த விளக்குகளே பயன்பட்டன; பின்னர் மின்கல விளக்குகளும் சூரிய ஆற்றல் விளக்குகளும் வந்தன. வலைக்குக் கீழெல்லை 10 மி.மீ என்பது கென்யாவின் விதி. தன்சானியாவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் 8 மி.மீ வரை ஏற்றன. கொசுவலைத் துணிக்கு ஒப்பான 5 மி.மீ வலைகளும் ஏரியில் காணப்படுகின்றன. அவற்றில் ஒமேனாவுடன் பிற மீன்களின் குஞ்சுகளும் அகப்படும்.

கென்யாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் சூலை 31 வரை ஒமேனா பிடிக்கத் தடைக்காலம் உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலத்தை இது நினைவூட்டும். ஆனால் அங்கு தடை ஒரு மீனுக்கும் அதைப் பிடிக்கும் கருவிக்குமே உரியது. செவுள் வலைப் படகுகள் தொழிலுக்குச் செல்லலாம்.

படகுகள்

ஏரியின் பெரும்பாலான படகுகள் பலகைகளால் கட்டப்பட்டவை. இவற்றுள் புகழ்பெற்றது, உகாண்டாவின் செசே தீவுகளின் பெயரால் அழைக்கப்படும், அடிக்கட்டை உடைய நீண்ட ஒடுங்கிய படகாகும். துடுப்பு, பாய், வெளிப்பொருத்து இயந்திரம் ஆகிய மூன்றும் வழக்கிலுள்ளன. படகைப் பதிவு செய்து, பதிவெண்ணை அதன் உடலில் தெளிவாகப் பொறிப்பதும், ஆண்டுதோறும் உரிமம் பெறுவதும் கட்டாயமாகும்.

மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது உகாண்டாவின் படகு நீள விதி. 28 அடிக்குக் (ஏறத்தாழ 8.5 மீட்டர்) குறைந்த படகுகள் வணிக மீன்பிடிப்புக்குத் தகுதியற்றவை என்று 2017 முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டது. சிறு படகுகள் ஆழ்நீருக்குச் செல்ல இயலாமல், மீன்கள் முட்டையிட்டு வளரும் கரையோர நீரிலேயே தங்கிவிடுகின்றன என்பதும், இரவில் திடீரெனத் தோன்றும் புயல்களில் அவை எளிதில் கவிழ்கின்றன என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். இரண்டும் உண்மையே. ஆனால் நீண்ட படகுக்கு மரமும், இயந்திரமும், எரிபொருளும், கூடுதல் ஆட்களும் வேண்டும். ஒருவர் இருவராகத் துடுப்புப் போட்டுப் பிழைத்தவருக்கு இவ்விதி தொழிலின் முடிவாகவே அமைந்தது.

பெரும்பாலான படகுகளின் உரிமையாளர் படகில் ஏறுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. வலையும் இயந்திரமும் பலவேளை மீன் முகவர் கடனாகத் தந்தவை. அதற்கு ஈடாக மீனை அவரிடமே விற்க வேண்டும். படகில் செல்வோர் பங்குக்கு உழைப்பவர்கள். சிறு கண்ணி வலையுடன் பிடிபடும்போது சிறைக்குச் செல்பவர், அவ்வலையைத் தேர்ந்து வாங்கியவராக இருப்பதில்லை.

நடைமுறைப்படுத்தல்

மூன்று நாடுகளின் விதிகளை ஒத்திசைக்க, விக்டோரியா ஏரி மீன்வள அமைப்பு 1994 சூன் 30 அன்று கிசுமு நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் உருவானது. இதன் தலைமையகம் உகாண்டாவின் ஜிஞ்சாவில் உள்ளது. எனினும் தண்டிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டு அரசிடமே இருந்தது. கென்யாவுக்கு 2016ஆம் ஆண்டின் மீன்வள மேலாண்மை மற்றும் வளர்ச்சிச் சட்டமும், தன்சானியாவுக்கு 2003ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமும் அடிப்படை. உகாண்டாவில் 1951ஆம் ஆண்டின் மீன் சட்டம் எழுபது ஆண்டுகள் வழக்கிலிருந்தது.

1990களின் இறுதியிலிருந்து படகுத்துறை மேலாண்மைக் குழுக்கள் உருவாக்கப்பட்டன. படகு உரிமையாளர், தொழிலாளர், வணிகர் ஆகியோர் உறுப்பினர்களாகத் தம் துறையில் தாமே கண்காணிப்பது இதன் நோக்கம். தன் உறவினரின் வலையைப் பறிக்க வேண்டிய நிலையில் குழு உறுப்பினர் தயங்குவது இயல்பு; சில துறைகளில் கையூட்டுக் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. உகாண்டா அதிபர் 2015இல், தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னர், அந்நாட்டுக் குழுக்களை இடைநிறுத்தினார். 2017இல் இராணுவத்தின் மீன்வளப் பாதுகாப்புப் பிரிவு ஏரியில் இறக்கப்பட்டது. படகுகளும் வலைகளும் கரையில் குவித்து எரிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து உகாண்டாவின் மீன் ஏற்றுமதி உயர்ந்தது. மீனவர்கள் அடிக்கப்பட்டதாக எழுந்த முறையீடுகள் நாடாளுமன்றம் வரை சென்றன. தன்சானியாவும் 2018இல் ‘சங்கரா நடவடிக்கை’ என்ற பெயரில் பெரும் பறிமுதல்களை மேற்கொண்டது.

எல்லைச் சிக்கலின் அடையாளமாக மிகிங்கோ தீவு விளங்குகிறது. ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பேயுள்ள இப்பாறை கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையே பூசலை ஏற்படுத்தியது. தீவு கென்யாவின் பக்கம் இருப்பினும், மீன் மிகுந்த நீர்ப்பரப்பு சில நூறு மீட்டர் தொலைவில் உகாண்டாவின் பக்கம் தொடங்குகிறது.

விதிகளைப் பற்றிய கருத்து வேறுபாடு

2000 முதல் நடத்தப்பட்டுவரும் படகு, கருவிக் கணக்கெடுப்புகளின்படி, அவ்வாண்டில் ஏறத்தாழ 42,500ஆக இருந்த படகுகள் 2016இல் 70,000ஐத் தாண்டின. கருவியின் அளவை வரையறுக்கும் விதிகள் கருவிகளின் எண்ணிக்கையை வரையறுப்பதில்லை. சட்டப்படியான வலையே ஆயினும், அது இரு மடங்கானால் பிடிப்பும் அதற்கேற்ப மிகும். படகுகளின் மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பது, யாரை ஏரியிலிருந்து விலக்குவது என்ற வினாவை எழுப்புவதால், அரசுகள் அதில் முனைப்புக் காட்டியதில்லை.

மறுபுறம், நார்வேயின் ஜெப்பே கோல்டிங் உள்ளிட்ட சில ஆய்வாளர்கள், ஏரியின் மீன்வளத்திற்கு மிகைப்பிடிப்பைவிட, கரையோர நகரங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்துசேரும் ஊட்டச்சத்துகளே பெரிய அச்சுறுத்தலாக இருக்கலாம் என வாதிட்டனர். ஊட்டச்சத்து மிகுந்தால் பாசி பெருகும். அது மடிந்து அழுகும்போது ஆழ்நீரில் உயிர்வளி குறைந்து, நைல் பேர்ச் வாழும் இடம் சுருங்கும். ஒமேனா போன்று விரைந்து இனம்பெருக்கும் சிறுமீன்களைப் பிடிக்கும் சிறு கண்ணி வலையைக் குற்றமாகக் கருதுவது சரியா என்ற வினாவும் இவர்களால் எழுப்பப்பட்டது. மூன்று நாடுகளின் மீன்வளத் துறைகள் இக்கருத்தை ஏற்கவில்லை. கண்ணி அளவு விதிகள் நீடிக்கின்றன.