பனிப்புயலில் உயிர் போவது எங்கே?

வீட்டுக்குள் வரும் குளிர்

பனிப்புயல் என்றதும் சறுக்கிக் கவிழும் வண்டிகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸைத் தாக்கிய புயலின் கணக்கு வேறுவிதமானது. மாநிலச் சுகாதாரத் துறை பதிவுசெய்த 246 இறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடுங்குளிரால் நேர்ந்தவை. வாகன விபத்தில் இறந்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுமார் 45 லட்சம் வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்ற இடத்தில் வெப்பமூட்டியும் நின்றது. ஆகவே பனிக்கால ஆயத்தம் என்பதைச் சாலையில் உப்புத் தூவும் வேலையாக மட்டும் நகராட்சிகள் கருதக் கூடாது. முதன்மையாக அது பொதுச் சுகாதாரப் பணி.

உடல் சோரும் விதம்

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து தொடங்குகிறது. முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சு குழறும், விரல்கள் தடுமாறும், புத்தி மங்கும். புத்தி மங்குவதால் தமக்கு ஆபத்து என்பதே பாதிக்கப்பட்டவருக்குப் புரியாமல் போகிறது; பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். நடுக்கம் நின்றும் குழப்பம் தீரவில்லையென்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். முதியவர்களுக்கு இந்த நிலை வரப் பனியில் கிடக்க வேண்டியதில்லை, சூடில்லாத அறையே போதும். ஈரத் துணியைக் களைந்து, கை கால்களுக்கு முன்பாக மார்பையும் கழுத்தையும் சூடாக்கி, உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். மது கொடுக்கவே கூடாது. அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும். குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி மூட்டுவதும், கார் நிறுத்தும் அறையில் ஜெனரேட்டரை ஓட்டுவதும் இன்னொரு எமன். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை மட்டும் போதாது

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் பனிக்குப் பழகிய ஊர். 2022 டிசம்பர் புயலைப் பற்றி வானிலைத் துறை பல நாள் முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் வாகனத் தடை நடைமுறைக்கு வந்தது 23ஆம் தேதி காலை 9.30 மணிக்கு. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பிவிட்டனர். ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் பனியில் சிக்கின. அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தனர்: சிலர் காருக்குள், சிலர் தெருவில், சிலர் சூடில்லாத வீட்டில், சிலர் உதவி வந்துசேராததால்.

முன்கூட்டியே தடை விதித்தால் கூலி போகும், புயல் விலகிப் போனால் அடுத்த எச்சரிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார்கள் சிலர். கூலி பற்றிய கவலை உண்மையானது. ஆனால் தடை இல்லாத காலையில், வர முடியாது என்று முதலாளியிடம் சொல்லும் துணிச்சல் எத்தனை தொழிலாளிகளுக்கு இருக்கும்? முந்தைய இரவே வரும் அரசு ஆணைதான் அவர்களுக்குக் காப்பு. இழந்த ஒரு நாள் கூலியை ஈடுசெய்ய வழி உண்டு, உயிருக்கு இல்லை. அவரவர் வீட்டுக்கு அவரவரே பொறுப்பு என்பது மற்றொரு வாதம். போர்வை, மருந்து, குடிநீர் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது நம் கடமைதான். ஆனால் ஆக்சிஜன் கருவியை நம்பி வாழும் நோயாளியின் வீட்டில் மின்சாரம் போனால் போர்வை என்ன செய்யும்? அத்தகையோரின் பட்டியலை நகராட்சி முன்பே வைத்திருக்க வேண்டும். மாற்று மின்வசதியுள்ள கதகதப்பு மையங்களைச் சாலை மூடுவதற்கு முன்பே திறந்து, அவர்களை அங்கே கொண்டுசேர்க்கவும் வேண்டும்.

கனடாவிலோ வட அமெரிக்காவின் வேறு பனி ஊர்களிலோ உங்கள் உறவினர் இருந்தால், அடுத்த முறை பேசும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா? அக்கம்பக்கத்தில் தனியாக வாழும் முதியவர் யார்?