ஸ்ரீரங்கத்துத் தெருவில் பழகி, சிங்கப்பூரில் ஓட

ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு மதில்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 32,592 அடி வரும் என்று கணக்குச் சொல்வார்கள். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். ஏழு மதில் நீளத்தையும் நாலு தடவை ஓடி முடித்து, மூச்சு வாங்கும்போது இன்னும் இரண்டரை கிலோமீட்டர் பாக்கி இருக்கும்.

இந்தத் தூரத்தை வெளிநாட்டில், அதுவும் வெயில் ஊரில், புருஷனும் பெண்டாட்டியுமாக ஓட ஆசைப்பட்டால் திருச்சிக்காரர்களுக்குத் தோதான ஊர் சிங்கப்பூர்தான். திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரம். அங்கே சித்தப்பா பையனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ இருக்காத வீடு நம் பக்கம் குறைவு. ஓட்டத்துக்கு முந்தின நாள் இட்லி சாப்பிட சிராங்கூன் ரோடு இருக்கிறது. சிங்கப்பூர் மாரத்தான் பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கும்.

அதில் ஒரு சிக்கல், புறப்படும் நேரம். 2019-ல் மாலையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் விடியலுக்கு முன்னால், 4.30 மணிக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அவர்களுடைய 4.30 நமக்கு நள்ளிரவு 2 மணி. முந்தின நாள் இறங்கி மறுநாள் ஓடினால், உடம்பு ஸ்ரீரங்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போது கால் மட்டும் மெரினா பே பக்கம் ஓடும். மூன்று நாளாவது முன்னதாகப் போய்விடுங்கள். கடைசி இரண்டு வாரம் வீட்டிலேயே எட்டரைக்குப் படுத்து, இரண்டரை மூன்றுக்கு எழுந்து பழகுவது இன்னும் நல்லது.

அடுத்தது வெயில். 'திருச்சி வெயிலையே பார்த்தாச்சு, சிங்கப்பூர் என்ன செய்துவிடும்' என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஓடும்போது உடம்புக்குள் உண்டாகும் சூட்டை வெளியேற்றுவது வியர்வை. ஆனால் வியர்வை சொட்டினால் மட்டும் போதாது, அது காய்ந்து ஆவியாகிப் போக வேண்டும். அப்போதுதான் சூடு இறங்கும். ஆனி, ஆடியில் நம் ஊர் வெயில் கடுமை, ஆனால் காற்று வறண்டது. பனியன் சீக்கிரம் காய்ந்துவிடும். சிங்கப்பூரில் விடியற்காலையில் வெப்பம் 25, 26 டிகிரிதான் இருக்கும், காற்றிலோ ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் காலுறை வரை வழிந்து ஷூவுக்குள் சளசளக்கும். அதற்கு இங்கே ஒத்த பருவம் சித்திரை இல்லை. ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் விடியற்காலை. அந்தப் புழுக்கத்தில் ஓடுவதைத் தவிர்க்காதீர்கள்.

உடம்பு சூட்டுக்குப் பழக பத்திலிருந்து பதினாலு நாள் பிடிக்கும். அதற்குள் ரத்தத்தில் நீரின் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் போகும் உப்பு குறையும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் இந்தப் பழக்கம் போய்விடும். நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்துவிட்டு 'நான் திருச்சிக்காரன்' என்று சொல்லிப் பயனில்லை.

டிசம்பரில் சிங்கப்பூரில் சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில். ஐந்தரை மணி நேரத்தில் முடிப்பவர்களுக்கு முதல் இரண்டரை மணி இருட்டு, கடைசி மூன்று மணி வெளிச்சம். கால் ஓய்ந்த பிறகுதான் வெயில் வரும்.

இனி வேகம். ஜோடியாக ஓடுபவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இதில்தான். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் நடந்த 14 மாரத்தான்களில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேரின் நேரத்தை எடுத்துப் பார்த்தது. பின்பாதியில் ஆண்களின் வேகம் சராசரியாக 15.6 சதவீதம் குறைந்திருந்தது, பெண்களுக்கு 11.7 சதவீதம்தான். ஆண்கள் எடுத்த எடுப்பில் பறந்துவிட்டுப் பின்னால் தள்ளாடுவது ஒரு காரணம். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து தாறுமாறாகச் செலவானால் முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது தீர்ந்துபோகும். அப்புறம் நடைதான்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. காவிரிப் பாலத்தில் ஆடிக்காற்று எதிரே அடிக்க, நான் முன்னால் ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "சீக்கிரம் வா" என்று கையாட்டினேன். என் மனைவி நிற்கவே இல்லை. என்னைத் தாண்டும்போது, "நீங்க நின்னு நின்னு ஓடுறீங்க, நான் ஓடிக்கிட்டே இருக்கேன். இதுல யாருங்க வேகம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வேகம் அவள் பொறுப்பு.

ஆகவே சேர்ந்து ஓடுவதென்றால், இருவரில் மெதுவாக ஓடுபவரின் வேகமே இருவருக்கும் வேகம். அந்த வேகத்தைப் பிடிக்கச் சுலப வழி பேச்சு. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? பால்காரர் கணக்கு, பிள்ளையின் பரீட்சை, எதுவானாலும் சரி. வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். நேரக் கணக்கும் எளிது: 21.1 கிலோமீட்டரை ஓடி முடித்த நேரத்தை இரட்டித்து ஒரு கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்காக இன்னொரு கால் மணி. இரண்டரை மணியில் பாதி மாரத்தான் முடிப்பவர் ஐந்தரையை எதிர்பார்க்கலாம்.

பேச்சுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு மாரத்தான் வைத்தார்கள். வெயிலில் சுருண்ட சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ், அரங்கத்துக்குள் கடைசிச் சுற்றை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் தள்ளாடி முடித்தார். வியர்வை இன்னும் வருகிறது என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் அவரைத் தடுக்கவில்லை. அவர் தேறிவிட்டார். ஆனால் ஓட்டத்தில் வரும் வெப்ப மயக்கத்தில் வியர்வை நிற்காமலும் இருக்கும். முதலில் குழம்புவது புத்தி. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், காரணமில்லாத எரிச்சல், கால் பின்னுவது. (காரணமுள்ள எரிச்சல் எது என்று கட்டியவருக்குத் தெரியும்.) இதை யாரைவிடவும் முன்னால் கண்டுபிடிப்பவர் பக்கத்தில் ஓடும் கணவரோ மனைவியோதான். அப்படித் தெரிந்தால் உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரும் ஐஸும் கொட்டி உடம்பைக் குளிர்வித்து, மருத்துவ உதவியாளரைக் கூப்பிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் 'போதாதோ' என்ற பயமே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுமே அதிகம் மாட்டிக்கொண்டார்கள். நம் அளவு எவ்வளவு என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், குடித்ததற்கு மேல் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஓட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். பொருத்தம்; முடித்தபின் உப்புப் போட்ட மோர். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களும், நாற்பதைத் தாண்டிப் புதிதாக ஓடத் தொடங்குபவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்து அடையவளைஞ்சான் தெருக்களை ஒருமுறை சுற்றினால் மூன்றரை கிலோமீட்டரை ஒட்டி வரும். ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பிப்பார்கள். ஈரக் கோலத்தை மிதித்தால் திட்டும் விழும், காலும் வழுக்கும். தெருவின் நடுவே ஓடுங்கள், மாடு படுத்திருந்தால் சுற்றிப் போங்கள். நீண்ட ஓட்டத்துக்குத் திருவானைக்காவல், திருவளர்சோலை, உத்தமர்சீலி வழியாகக் கல்லணை சாலை: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத் தோட்டங்கள், போய்வர ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஆகஸ்டில் தொடங்கி வாரம் நாலு நாள் ஓடி, நவம்பர் நடுவில் ஒரு முப்பதைத் தொட்டுவிட்டு, கடைசி இரண்டு மூன்று வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் தொடர்ந்து ஓடலாமா, நிற்க வேண்டுமா? இதை இங்கேயே பேசி முடித்துவிட வேண்டும். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் பேச்சுவார்த்தை நடக்காது. கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதையும்.

காகித வேலை கொஞ்சம்தான். பெயர்ப் பதிவுக்குப் பின் விசா. அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். பயணக் காப்பீட்டில் மாரத்தான் அடங்குமா என்று வாசித்துப் பாருங்கள். ஓடிப் பழகிய ஷூவை மட்டும் பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்பாதீர்கள். இருவரும் காலில் மாட்டிக்கொண்டே விமானம் ஏறுங்கள்.