பைபாஸுக்குப் பின் படபடப்பு: இனம் நம்மைக் காப்பாற்றுமா?

ரயில்வே குடும்பங்கள் நிறைந்த அரக்கோணத்துக்குப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி புதிதல்ல. 1975-ல் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தது அங்கேதான். இன்று பைபாஸ் சகஜமாகிவிட்டது. ஆனாலும், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் ''நெஞ்சு படபடன்னு அடிக்குதே'' என்று நோயாளி சொன்னால், வீட்டார் கலங்கிப்போகிறார்கள்.

இது என்ன? இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடிப்பதுதான். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பார்கள். பைபாஸ் செய்துகொள்பவர்களில் சுமார் பத்துக்கு மூன்று பேருக்கு வருகிறது. வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். பெரும்பாலும் மருந்திலேயே கட்டுப்பட்டுவிடும்.

இதில் ஓர் ஆச்சரியம். அமெரிக்காவில் இதய ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு இது குறைவாகவே வருகிறது. இத்தனைக்கும் ரத்தக்கொதிப்பு அவர்களுக்குத்தான் அதிகம்! பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களிடமும் பொதுவாக இந்தப் படபடப்பு வெள்ளையரைவிடக் குறைவு. நம்மவர்களின் இதய மேலறை சற்றுச் சிறியதாக இருப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

''அப்பாடா, நாம தப்பிச்சோம்'' என்று இருந்துவிடலாமா? கூடாது. 'குறைவு' என்பது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அது உத்தரவாதம் அல்ல. தவிர, சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் அதிகம். அவர்களுக்கு மேலறை வீங்கி, இளம் வயதிலேயே இந்தப் படபடப்பு வரலாம்.

அலட்சியம் ஏன் ஆபத்து? துடிப்பு தாறுமாறானால் மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்!

வீடு திரும்பியதும் இவற்றைக் கவனியுங்கள்:

* தினமும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். தாளம் தப்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* ''இப்ப நல்லாத்தானே இருக்கு'' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* ரத்தம் உறையாமலிருக்க 'வார்ஃபரின்' சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையும் வேண்டாம்.

* மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி, வாய் கோணல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் - எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.