சித்திக்கு ஏன் தேங்க்ஸ் சொல்றதில்ல?

ஆபீஸ் சாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை 'தேங்க்ஸ்' டைப் பண்றோம்? அதே நாம ஊருக்குப் போனா அம்மாவுக்கோ சித்திக்கோ ஒரு தடவைகூட சொல்றதில்ல. அப்போ நமக்கு நன்றி உணர்ச்சி இல்லையா?

முதல்ல ஜப்பான் பக்கம் போயிட்டு வருவோம். நன்றிக்கு அங்கே 'அரிகாதோ' இருக்கு. ஆனா யாராவது சீட் கொடுத்தா 'சுமிமாசென்'னும் சொல்வாங்க. மன்னிப்புக் கேட்கவும் அதே சொல்தான். எனக்குக் கிடைச்ச நன்மையைவிட, உங்களுக்கு நான் கொடுத்த சிரமம் முன்னால நிக்குது. இதே பழக்கத்தோட அவங்க இங்கிலீஷ் பேசும்போது, 'தேங்க் யூ' வரவேண்டிய இடத்துல 'ஐ ஆம் சாரி' வந்துடும். கேட்கிற அமெரிக்கருக்கு, எதுக்கு சாரின்னு புரியாது.

அமெரிக்கருக்கும் 'தேங்க் யூ'வோட வேலை முடியறதில்ல. மிரியம் ஐசன்ஸ்டீன், ஜீன் பாட்மன் ரெண்டு பேரும் 1986ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுது. பெரிய உதவின்னா நன்றியோட ஆச்சரியம், பாராட்டு, 'திருப்பித் தந்துடறேன்'ங்கிற உறுதி எல்லாம் சேர்ந்து வரும். இங்கிலீஷை நல்லாப் படிச்ச வெளிநாட்டவங்களே இதில் தடுமாறினாங்க.

இப்போ நம்ம ஊர். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு அப்பத்தாவோட மூட்டையை இறக்கிக் கொடுங்க. 'நன்றி'ன்னு சொல்லமாட்டாங்க, 'நல்லா இருய்யா'ம்பாங்க. சோறு போட்ட சித்திகிட்ட 'நன்றி சித்தி'ன்னா, 'என்னடா, யாரோ மாதிரி பேசுறே?'ன்னு கேட்பாங்க. 'இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க'ன்னு கேட்டுப் பாருங்க, அவங்க முகம் மலர்ந்துடும்.

மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, தென்னிந்தியாவில் நன்றி எப்படி இயங்குதுன்னு 1985ல் ஒரு கட்டுரை எழுதினார். தமிழர்கள்கிட்ட நன்றி வாய்ச்சொல்லைவிட, திருப்பிச் செய்யறதுலதான் வெளிப்படுதுங்கிறது அதோட சாரம். இதுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் வேணுமா? கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும். யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு நோட்டில் எழுதி வெச்சு, அவங்க முறை வரும்போது திருப்பிச் செய்வாங்க. அது நன்றியா, கடனா? ரெண்டும்தான். 'சுமிமாசென்'னுக்குள்ள இருக்கிற அதே பாரம்தான் இங்கே நோட்டில் ஏறியிருக்கு.

திருக்குறளின் 11வது அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. அந்த 'நன்றி' நாம சொல்ற தேங்க்ஸ் இல்ல, ஒருத்தர் நமக்குச் செஞ்ச நன்மை. அதை மறக்காம இருக்கறதுதான் 'அறிதல்'.

ஆக, சித்திகிட்ட வாயால சொல்லாம இருக்கலாம், நாளைக்கு அவங்களுக்கு ஒண்ணுன்னா நாம போய் நிற்போம்ங்கிறதால. ஆனா அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனுக்கும், வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கும்? அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம மொய் எழுதப் போறதில்ல. வாயாலயும் சொல்றதில்ல. அந்த மௌனத்துக்கு 'நம்ம கலாசாரம்'னு பேர் வைக்க முடியாது. திருப்பிச் செய்யாத இடத்துல, வாய்விட்டுச் சொல்லிடுங்க. 'ரொம்ப நன்றிண்ணே'ன்னு தமிழிலேயே சொல்லலாம்.