பிரேக் நடனம்: தொடங்குவோர் அறியத்தக்கன

பிரேக் நடனம் என்றதும், தலையை நிலத்தில் ஊன்றிப் பம்பரம்போற் சுழலும் இளைஞன் ஒருவனே நம் மனக்கண்முன் தோன்றுகின்றான். கற்க விழையும் மாணவனும் அதனையே முதலிற் செய்ய முற்படுகின்றான். சில நாட்களில் கழுத்து வலியோ மணிக்கட்டு வலியோ கண்டு, 'இது நமக்கு வாராது' எனக் கைவிடுகின்றான். எழுத்தறியாதவன் வெண்பா யாக்கப் புகுந்தால் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேர்கின்றது. இந்நடனம் எவ்வரிசையில் வளர்ந்ததோ, அவ்வரிசையிலேயே அதனைக் கற்றல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் கூற வந்தது.

பெயரும் பிறப்பும்

'பிரேக்' என்னும் சொல் உடலை முறித்தலைக் குறிப்பதன்று. பாட்டின் இடையே குரலும் பிற கருவிகளும் ஓய்ந்து, தாளக் கருவிகள் மேலோங்கி ஒலிக்கும் சிறு பகுதிக்கே அப்பெயர் வழங்குகின்றது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் வட்டாரத்தில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் சிண்டி கேம்பெல் என்னும் இளம்பெண் ஒரு விருந்து நடத்தினார். அவ்விருந்தில் இசைத்தட்டுகளை இயக்கியவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பெல். ஜமைக்காவிற் பிறந்த இவரே கூல் ஹெர்க் என்னும் பெயரால் அறியப்படுபவர். ஆடுவோர் தாளப் பகுதிக்காகவே காத்திருத்தலை அவர் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் மாறி மாறி இயக்கி, நொடிகளில் முடியும் அப்பகுதியை நீட்டித்தார். அவ்வேளையில் ஆடியோர் பி-பாய், பி-கேர்ள் எனப் பெயர் பெற்றனர்.

தொடக்கத்தில் நின்றாடுதலே மிகுதி. பின்னரே ஆட்டம் தரைக்கு இறங்கிற்று. காற்றாடிச் சுழற்சியும் தலைச்சுழற்சியும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சிறந்தோங்கின. 1977இல் பிராங்க்சில் தோன்றிய ராக் ஸ்டெடி குழுவினர் 1983இல் 'பிளாஷ்டான்ஸ்' திரைப்படத்தில் தோன்றியபோது, உலகம் அச்சுழற்சிகளைக் கண்டு வியந்தது. கடைசியில் வந்ததை உலகம் முதலிற் கண்டது. மாணவர் பலர் இன்றும் அவ்வாறே தலைகீழாகத் தொடங்குகின்றனர்.

முதற்படி: செவியும் காலும்

எனவே, செவியே இந்நடனத்தின் முதல் உறுப்பு எனலாம். முதல் வாரத்தில், 'இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட்' குழுவினர் 1973இல் வெளியிட்ட 'அப்பாச்சி' போன்றதொரு இசையைக் கேட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக் கைதட்டிப் பழகுக. பின்னர் நின்றாடும் 'டாப்ராக்' தொடங்குக. ஒரு காலை மற்றைக் காலுக்கு முன்னே குறுக்காக வைத்துக் கைகளை விரித்தல். பழைய நிலைக்கு மீளல். மறுகாலால் அவ்வாறே செய்தல். எளிய அசைவே, ஆயினும் தாளம் தவறாமல் இரண்டு நிமிடம் ஆடிப் பார்ப்போர் இதன் அருமையை உணர்வர்.

இரண்டாம் படி: தரையும் நிறுத்தமும்

அடுத்தது 'சிக்ஸ் ஸ்டெப்'. தண்டால் எடுக்கும் நிலையிலிருந்து, கைகள் மாறி மாறி உடலைத் தாங்க, கால்கள் ஆறு அடிகளில் உடலைச் சுற்றி ஒரு வட்டம் வரைகின்றன. பாதி வட்டத்தில் நெஞ்சு மேல்நோக்கும். ஆறாம் அடியில் உடல் தொடங்கிய நிலைக்கே திரும்பும். முதலில் இசையின்றி, அடிக்கோர் எண்ணாக மெதுவாகச் செய்க. பரதம் பயில்வார்க்கு அடவு எத்தகையதோ, இந்நடனம் பயில்வார்க்கு இஃது அத்தகையது.

ஆட்டத்தின் முடிவில் உடலை அசையாது நிறுத்துதல் 'பிரீஸ்' எனப்படும். தொடங்குவோர்க்கு ஏற்றது 'பேபி பிரீஸ்'. இரு கைகளையும் ஊன்றி, ஒரு முழங்கையை விலாப்புறத்தில் அணைத்து, மறு முழங்கையின்மேல் முழங்காலை வைத்து, தலையின் பக்கத்தை மெல்லத் தரையில் படவிடுதல் வேண்டும். பாரத்தைத் தாங்க வேண்டியவை கைகளே, கழுத்தன்று.

உடலைக் காத்தல்

ஆடுமுன் பத்து நிமிடமேனும் மணிக்கட்டு, தோள், கழுத்து, முழங்கால் ஆகியவற்றை இயக்கிச் சூடேற்றுக. தரை வழவழப்பாகவும் மணலின்றியும் இருத்தல் நன்று. வலி தோன்றின் அன்றே நிறுத்துக. தலைச்சுழற்சியைத் தேர்ந்த ஆசான் துணையின்றி முயலற்க. பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலையால் சுழன்ற ஒருவரின் உச்சியில் கட்டி வளர்ந்து, அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்ட செய்தியை 2024இல் டென்மார்க்கு மருத்துவர்கள் வெளியிட்டனர். தேர்ந்தவர்க்கே இந்நிலை எனின், தொடங்குவோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

தன்னதாக ஆடுதல்

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆகஸ்டு 9, 10 ஆகிய நாட்களில் இந்நடனம் முதன்முறையாக இடம்பெற்றது. மகளிரில் ஜப்பானின் அமி யுவாசாவும், ஆடவரில் கனடாவின் பிலிப் கிம்மும் தங்கம் வென்றனர். அங்கே நடுவர்கள் நோக்கியவை ஐந்து: நுட்பம், அசைவு வளம், செய்திறன், இசையோடு இயைதல், புதுமை. ஒவ்வொன்றுக்கும் சம மதிப்பே. சுழற்சி மட்டும் வல்லவன் இவ்வைந்தையும் நிறைத்தல் இயலாது. பிறர் அசைவை அப்படியே எடுத்தாடுதலை இவ்வாட்டக்காரர்கள் 'கடித்தல்' எனப் பழிப்பர். அடிப்படைகள் பொதுச்சொத்து, அவற்றைக் கொண்டு அமைப்பது மட்டும் தன்னதாயிருத்தல் வேண்டும். சொற்கள் எல்லார்க்கும் பொதுவாயினும், பாட்டு புலவனுக்கே உரியதன்றோ!

ஆகவே, 'எனக்குச் சுழலத் தெரியவில்லையே' என்று வருந்தி நிற்கும் மாணவனிடம் ஆசிரியர்கள் கேட்க வேண்டிய வினா ஒன்றே: 'தாளம் கேட்கிறதா?' கேட்கிறதெனின், அவன் தொடங்கிவிட்டான்.